மூன்றாவது கேள்வி

மாநிலங்களவைக்குப் போன நாலு வருஷத்தில் விருத்தாம்பாள் எழுதிக் கொடுத்த கேள்விகள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூட வரிசை போடுகிற குலுக்கலில் முதல் ஐந்துக்குள் விழுந்ததில்லை. பதினைந்தாவது, பதினெட்டாவது என்று வரும். கேள்வி நேரம் என்பது ஒரு மணி நேரம். அதற்குள் ஐந்தாறு கேள்விதான் எடுப்பார்கள். மிச்சத்துக்கெல்லாம் அச்சடித்த பதில் கைக்கு வந்து சேரும். அச்சடித்த பதிலை யாரும் மடக்கிக் கேட்க முடியாது. அதனால்தான் 2005 மார்ச்சில் ஒரு நாள், வருகிற வியாழக்கிழமைப் பட்டியலில் அவளுடைய கேள்வி மூன்றாவதாக விழுந்திருக்கிறது என்று உதவியாளர் பிரபாகரன் டெல்லியிலிருந்து போன் செய்தபோது, மரக்காணத்து வீட்டு வாசலில் நின்றபடி அவள் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கேள்வி உப்பளக் கூலிகளைப் பற்றியது. டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது மரக்காணத்து அளங்களில் பாத்தி முழுக்க கறுப்புச் சேறு படிந்துவிட்டது. நிவாரணப் பட்டியல் எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் தொழிலுக்கு ஆதாரம் கேட்டார்கள். மீன்பிடிக்கிறவர்கள் சங்க அட்டையைக் காட்டினார்கள். அளத்துக்காரர்கள் குத்தகைப் பத்திரத்தைக் காட்டினார்கள். உப்பு வாருகிறவர்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. வருஷத்தில் எட்டு மாதம் அளத்திலும் மிச்ச நாள் கிடைத்த வேலையிலும் இருக்கிறவர்களை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதி வைத்ததில்லை. பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேராகத் தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

விருத்தாம்பாளுக்கு அளத்து வேலை தெரியாது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். ஒன்றியக்குழுத் தலைவியாக இருந்து, கட்சிக்கு வட மாவட்டத்தில் ஒரு பெண் வேண்டும் என்ற கணக்கில் டெல்லிக்கு அனுப்பப்பட்டவள். அது அவளுக்கே தெரியும். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுவதற்கு முன்பு அளத்துக்குப் போனாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சேறு வழித்த பாத்திகளில் பெண்கள் திரும்பவும் களிமண்ணை மிதித்துத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியம்மாள்தான் முதலில் கரைக்கு வந்தாள். முப்பது வருஷமாக அளத்தில் கிடப்பவள். மற்ற பெண்கள் அவள் பேசட்டும் என்று நிற்பார்கள். கூடவே சவரிமுத்து வந்தான். சங்கம் என்று ஒன்று பதிவாகாவிட்டாலும் சங்கத்துக்காரன் என்றுதான் அவனுக்குப் பெயர்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மந்திரி எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும் என்று விருத்தாம்பாள் விளக்கினாள். பதில் முடிந்ததும் அவளுக்கு இரண்டு துணைக் கேள்வி உண்டு. உப்பளத் தொழிலாளிக்கு அரசாங்கமே அடையாள அட்டை கொடுக்குமா என்பது முதல் கேள்வி. ஆகட்டும், செய்கிறோம் என்று மந்திரி அவையில் வாய் திறந்து சொல்லிவிட்டால் அது வெறும் பேச்சு இல்லை. அப்படிச் சொன்ன வாக்கையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, செய்தாயா செய்தாயா என்று கேட்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது.

“அவரு சொல்லலன்னா?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“சொல்ல வைக்கிறேன்.”

சவரிமுத்துவுக்கு இந்த வாரம் டிவியில் மாநிலங்களவையைக் காட்டும் முறை என்பதுகூடத் தெரிந்திருந்தது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சொல்லி வைத்து, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பதாகச் சொன்னான். விருத்தாம்பாளுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கட்சி உறுப்பினர்களின் கூட்டம். கட்சியின் அவைக்குழுத் தலைவர் குழந்தைசாமி, கொங்குப் பக்கத்துக்காரர், முப்பது வருஷ அரசியல். வடக்கே ஒரு மாநிலத்தில் பெரும்பான்மை இல்லாதவர்களை ஆட்சி அமைக்க அழைத்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் எல்லாம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. வாரம் முழுக்க அவையை நடக்க விடுவதில்லை என்று கூட்டணியில் முடிவாகிவிட்டதாக அவர் அறிவித்தார். கேள்வி நேரம் ஆரம்பித்ததும் எல்லாரும் அவைத் தலைவர் இருக்கைக்கு முன்னாலுள்ள மையப்பகுதிக்கு இறங்கிவிட வேண்டும். யாரும் இருக்கையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

விருத்தாம்பாள் அன்றைக்கு இறங்கினாள். அந்த விஷயத்தில் அவளுக்கும் கோபம் இருந்தது. அநியாயம் என்றுதான் நினைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் இந்தியில் கத்தியதை அவளும் கத்தினாள். ஐந்து நிமிஷத்தில் அவை ஒத்திவைக்கப்பட்டது. பன்னிரண்டு மணிக்குக் கூடி மறுபடி ஒத்திவைக்கப்பட்டது. பிறகு நாள் முழுக்க இல்லை என்று ஆகிவிட்டது. வெளியே வாசலில் கூட்டத்தோடு கை உயர்த்தி நின்ற அவளை டிவிக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். அன்றைக்கு முதல் கேள்வி அசாம் பக்கத்து வயதான உறுப்பினர் ஒருவருடையது. விருத்தாம்பாள் மையப்பகுதியில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது அவரைப் பார்த்தாள். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றவர், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய கேள்வி எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மதியம் சாப்பிடும்போதுதான் தோன்றியது. பட்டியலை எடுத்துப் பார்த்தாள். ஆற்றங்கரை கிராமங்கள் மண்ணரித்துப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தார்.

சாயங்காலம் பிரபாகரன் அவளை அமைச்சகத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே இருந்த அதிகாரி ஒருவர் டீ வரவழைத்துக் கொடுத்து, பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். மந்திரிக்குத் தயாரித்துக் கொடுத்திருக்கும் குறிப்பில், அடையாள அட்டை பற்றித் துணைக் கேள்வி வந்தால் பரிசீலித்துச் செய்வதாகச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறது. கேள்வி வந்தால் சொல்வார். வராவிட்டால் அச்சடித்த பதிலில் அது இருக்காது.

“அப்ப கேட்டா போதுங்களா?” என்று விருத்தாம்பாள் கேட்டாள்.

கேட்டால் போதும், அவை நடந்தால் போதும் என்றார் அதிகாரி.

அங்கிருந்து நேரே குழந்தைசாமியின் வீட்டுக்குப் போனாள். அவர் முன்னறையில் நாலைந்து பேருடன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மற்றவர்களை அனுப்பிவிட்டு உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர்தான். அவள் சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். வியாழக்கிழமை முதல் இருபது நிமிஷம் மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும், மூன்றாவது கேள்வி முடிந்ததும் தானே முதல் ஆளாக மையப்பகுதிக்கு இறங்குகிறேன் என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

“நம்ம கட்சி மட்டும்னா விட்ருவேன்மா. ஆறு கட்சி சேர்ந்து எடுத்த முடிவு. உங்க ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கேள்வியத் தூக்கிட்டு வருவாங்க.”

“இது அந்த மாதிரி இல்லிங்கண்ணே. மந்திரியே சொல்லத் தயாரா இருக்காரு.”

“நாடே பாத்துட்டிருக்கிற விஷயம் இது. உப்பு அடுத்த செஷன்லயும் இருக்கும்.”

அவர் சொல்வதில் தப்பு இல்லை என்பதுதான் அவளை எரிச்சல்படுத்தியது. உப்பு இருக்கும். அடுத்த கூட்டத்தொடரில் கேள்வி மூன்றாவதாக விழுமா என்பது யாருக்குத் தெரியும்? அந்த அதிகாரி அதே நாற்காலியில் இருப்பாரா? குறிப்பில் அந்த வரி இருக்குமா? இதையெல்லாம் அவள் வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போதுதான் யோசித்தாள். உள்ளே அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் வாசலில்தான் வந்தன.

புதன்கிழமை காலையும் கூட்டத்தோடு மையப்பகுதிக்கு இறங்கினாள். இறங்கிய பிறகு வாயைத் திறக்கவில்லை. மதியம் மொழிபெயர்ப்பாளரைப் போய்ப் பார்த்தாள். தமிழில் பேச வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அவள் தமிழில் கேட்பதைக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்வார்கள். மந்திரி காதுக்கருவியில் கேட்டுக்கொள்வார். சென்னையைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்கு, பாத்தி மிதிப்பது என்றால் என்னவென்று தெரியவில்லை. விருத்தாம்பாள் மேஜை ஓரத்தில் கையை வைத்து, குதிகாலால் மிதிப்பது எப்படி என்று செய்து காட்டினாள். அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். நாளைக்கு அவை நடக்குமா என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சவரிமுத்து போன் செய்தான். டீக்கடைக்காரர் பெஞ்சு போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார், பக்கத்து ஊர் கூனிமேட்டிலிருந்துகூட நாலு பேர் வருகிறார்கள் என்றான். அவை நடப்பதே சந்தேகம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மணி அடித்து நின்றதும் எதிர்க்கட்சி வரிசைகள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தன. விருத்தாம்பாள் எழவில்லை. அவளைத் தாண்டிப் போன பக்கத்து உறுப்பினர் அவள் புடவைத் தலைப்பு இருக்கையில் மாட்டிக்கொண்டதோ என்று குனிந்து பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து மற்றவர்களோடு இறங்கினார்.

அன்றைக்கு ஏனோ அவைத் தலைவர் இருக்கையிலிருந்து உடனே ஒத்திவைக்கவில்லை. கூச்சலுக்கு நடுவே முதல் கேள்வி அழைக்கப்பட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஏதோ கேட்டார், மந்திரி ஏதோ சொன்னார். இரண்டாவது கேள்விக்காரர் வரவில்லை. சட்டென்று விருத்தாம்பாளின் பெயரும் எண்ணும் வாசிக்கப்பட்டன. அவள் எழுந்து நின்றாள். மந்திரி எழுந்து, பதில் அவையின் முன் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு, குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். துணைக் கேள்விக்குத் தயாராகத்தான் நின்றார்.

அவள் கேட்டாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். மந்திரி காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். தலையை ஆட்டினார். கேட்கவில்லை என்று கையால் காட்டினார். கண்ணாடி அறையில் மொழிபெயர்ப்பாளர் அம்மாவும் காதைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒலிவாங்கிக்கு இன்னும் நெருங்கி, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மையப்பகுதியிலிருந்து குழந்தைசாமி திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் அவர் கத்துவதை நிறுத்தினார். பின்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு, முன்பைவிட உரக்கக் கத்த ஆரம்பித்தார்.

‘உப்பளத் தொழிலாளர்களுக்கு’ என்ற வார்த்தைவரை வந்திருந்தாள். அவை பன்னிரண்டு மணிவரை ஒத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மந்திரி குறிப்பை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு நடந்தார். மணி பதினொன்று ஒன்பது.

வராந்தாவில் அவரைப் பிடிக்க ஓடினாள். செருப்பு வழுக்கியது. அவர் நின்று, வணக்கம் வைத்து, கடிதம் எழுதுங்கள், கட்டாயம் பார்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வராந்தாவில் சொல்வதை எந்தக் குழுவும் எழுதி வைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை, குழந்தைசாமியின் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. கூட்டு முடிவை மீறியதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். இன்னொரு பக்கம், இதே விஷயத்தைச் சிறப்புக் குறிப்பாக இருநூற்றைம்பது வார்த்தையில் எழுதிக் கொடுத்திருந்தாள்; கூச்சலில் அதை அவளால் வாசிக்க முடியவில்லை. வாசித்ததாக எடுத்துக்கொள்கிறோம் என்று மேஜையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். ஒரு வாரத்து வேலையில் பதிவேட்டில் ஏறியது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை சென்னையிலிருந்து காரில் வரும்போது, வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு அளத்துக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பெயர் ஒளிவது என்று தோன்றியது. டிரைவரை நேரே அளத்துக்கு விடச் சொன்னாள்.

இந்தத் தடவை யாரும் ஓடி வரவில்லை. வேலை ஒரு பாத்தி முடிகிறவரை அவள் கரையில் நின்றாள். பிறகு கொளஞ்சியம்மாள் கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டு வந்தாள். சவரிமுத்து கொஞ்சம் தள்ளி நின்றான். டீக்கடையில் அவர்கள் பார்த்ததை அவன்தான் சொன்னான். கூச்சல் வந்ததும் டிவியில் அவைத் தலைவர் முகத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தார்களாம். சத்தம் மட்டும் கேட்டதாம். கடைசிவரை அவளைக் காட்டவே இல்லை. சாயங்காலச் செய்தியில்தான் காட்டினார்களாம், கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு நிற்கிற மாதிரி.

“அது திங்கக்கிழமை எடுத்தது” என்றாள் விருத்தாம்பாள்.

“எந்தக் கிழமையா இருந்தா என்னாம்மா. நீங்கதான?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“நான்தான்.”

“எங்க கேள்வியக் கேட்டீங்களா?”

“ரெண்டு தடவ கேட்டேன். மந்திரி காதுல விழல. எங்க ஆளுங்க கத்துன சத்தத்துல விழல.”

எதிராளி கத்தினான் என்றால் கொளஞ்சியம்மாளுக்குப் புரிந்திருக்கும். சொந்த ஆட்களே கத்தினார்கள் என்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“ஒங்க ஆளுங்ககிட்ட நீங்க சொல்லலியா?”

“சொன்னேன். கேக்கல.”

“அவங்களே நீங்க சொன்னா கேக்கலன்னா, மந்திரி எப்பிடிம்மா கேப்பாரு?”

கோபமாகச் சொல்லியிருந்தால் விருத்தாம்பாள் பதில் சொல்லியிருப்பாள். கொளஞ்சியம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான். அரை நாள் கூலியை விட்டுவிட்டு நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விருத்தாம்பாள் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தாள். திங்கட்கிழமை தானும் கத்தியதை, செவ்வாய்க்கிழமை அசாம்காரர் ஒருவருடைய கேள்வி தன்னுடைய சத்தத்திலேயே அடிபட்டுப் போனதை மறைக்காமல் சொன்னாள். அவருடைய ஊரில் ஆறு கரையைத் தின்கிறதாம் என்றாள்.

“அவங்களும் டிவி பாத்துருப்பாங்க” என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டுப் பாத்தியில் இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை விருத்தாம்பாள் கட்சிக்கு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதில் நாலு இடத்தில் மன்னிப்பு இருந்தது. அதைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினாள். அதில் கோபம் இருந்தது; அதுவும் உதவாது. கடைசியில், மக்களிடம் கொடுத்த வாக்குக்காகக் கேள்வி கேட்டேன், கேட்டது தவறு என்று நினைக்கவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை அனுப்பினால் அடுத்த முறை கட்சி தன்னை அனுப்பாது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து மேஜையில் மந்திரிக்கு எழுதிய கடிதம் இருந்தது, மூன்று பக்கம். இரண்டையும் ஒன்றாகத் தபாலில் சேர்த்தாள்.

அடுத்த வாரம் மணி அடித்ததும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். சுற்றிலும் இருக்கைகள் காலியாக இருந்தன. அவளுடைய கேள்வி எதுவும் அன்றைக்குப் பட்டியலில் இல்லை. உட்கார்ந்திருந்ததால் ஒருத்தருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆறு நிமிஷத்தில் அவை ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தொடர் முடிகிறவரை அவள் கொடுத்த எந்தக் கேள்வியும் முதல் பத்துக்குள் வரவில்லை. குழந்தைசாமி வழியில் பார்த்தால் வணக்கம் மட்டும் சொன்னார்.

மந்திரியின் பதில் மே மாதக் கடைசியில் மரக்காணத்து முகவரிக்கு வந்தது. நல்ல தடித்த காகிதம், ஆங்கிலத்தில் எட்டு வரி. அவளுடைய கடிதம் கிடைத்தது, அதில் கண்ட விஷயம் உரிய கவனத்துடன் ஆராயப்படுகிறது என்று எழுதி, கீழே பச்சை மையில் கையெழுத்து. தகவல் சொல்லி அனுப்பியதும் சவரிமுத்து சைக்கிளில் வந்தான். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

“அட்டை குடுப்பாங்கன்னு இருக்குதுங்களா?”

“இல்லப்பா.”

“குடுக்க மாட்டோம்னு?”

“அப்பிடியும் இல்ல.”

அவன் கடிதத்தை வாங்கி, எழுத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கையெழுத்தையே பார்த்தான். இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். மந்திரி கையெழுத்துப் போட்ட காகிதம் ஆச்சே, தாசில்தாரிடம் காட்டினால் அட்டை இல்லாவிட்டாலும் உப்பளத்து ஆள் என்று எழுதிக்கொள்வார்கள் இல்லையா என்றான்.

எழுதிக்கொள்ள மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போ என்றாள். அவன் கடிதத்தைப் பழைய பேப்பரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று சைக்கிளை வேகமாக மிதித்தான்.